கொப்பரை சாய்ஞ்ச கேசு

இல்லண்ணே, இந்தக் கால மடக்க முடியாது, அதான் பஸ்ஸு நடுவுல நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். யாராச்சும் மிதிச்சா மிதிச்சுட்டுப் போகட்டும், முட்டிக்குக் கீழ பாதி உணர்ச்சியே கிடையாது. நான் எறங்குற ஊரு, கார்வர்டன், வர இன்னும் எவ்வளவு நேரமாகும்? டிரைவர்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டுட்டேன், இன்னொரு வாட்டி கேட்டா ரோட்டுலயே எறக்கி விட்டுருவாரு.

ஆமா, ஜெயில்லேருந்துதான். அங்க குடுத்தனுப்புற இந்த வலைப்பையப் பாத்தே கண்டுபிடிச்சுட்டீங்க. வேற சீட்டுக்குப் போறதுன்னா போங்க, தப்பா நெனைக்க மாட்டேன். இல்லையா? சந்தோஷம். என் பேரு கார்டெல்.

இந்தக் கால் காயம் சண்டையில பட்டதில்லண்ணே. கஞ்சியில பட்டது. சிரிக்காதீங்க! ஜெயில் சமையக்கட்டுல ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுற கொப்பரை ஒண்ணு, என் இடுப்பு உசரம், சாய்ச்சு ஊத்துற மாதிரி இருக்கும். தானா சாயாம பிடிச்சு நிறுத்துற கொக்கி தேஞ்சு போச்சு. அங்க காவலுக்கு ஹாஸ்கின்ஸ்னு ஒரு ஆபீசர், வெண்டல் ஹாஸ்கின்ஸ். நல்ல மனுசன்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு துண்டு ரொட்டி கூட எடுத்தாலும் எழுதிப் போட்டுருவாரு. சிரிச்சு யாரும் பாத்ததில்ல. அவருகிட்ட சொன்னேன், சார், இது ஒரு நாள் யாரையாவது முழுங்கப் போவுதுன்னு. கேட்டுக்கிட்டாரு.

அப்புறம் ஒரு நாள் காலையில சாஞ்சிருச்சு. சுடுதண்ணின்னா வழிஞ்சு ஓடிரும்ணே. கஞ்சி ஓடாது, ஒட்டிக்கும். துடைக்கத் துடைக்கத் தோலும் சேந்து வருது. ஹாஸ்கின்ஸ்தான் தரை கழுவுற குழாய இழுத்துட்டு ஓடிவந்து தண்ணி பீய்ச்சினாரு. அது மட்டும் ஞாபகம் இருக்கு.

உங்ககிட்ட தண்ணி இருக்கா? தொண்டை காயுது. இருங்க, இங்கயா நிக்குது? இல்ல, சிக்னலு.

கேசா? போட்டேனே. ஜெயில் துறை மேலயே போட்டேன், உங்க கவனக்குறைவுதான் என் காலு இப்படின்னு. வக்கீலா? எவன் வருவான்! ஜெயில் நூலகத்துல உக்காந்து நானே படிச்சு நானே எழுதினேன். எங்க பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். என்னைக் கண்டாலே, வழி விடுங்கடா, வக்கீலய்யா கஞ்சிக்கு வர்றாருன்னுவானுங்க.

விசாரணை டிவியில நடந்துச்சு. ஜட்ஜம்மா அங்க கோர்ட்டுல, நான் ஜெயில்ல டிவி முன்னாடி கைவிலங்கோட. ஒரு காகிதத்தப் புரட்டணும்னாலும் ரெண்டு கையும் சேந்துதான் போகணும். துறை வக்கீல் கேக்குறான், கொக்கி தேஞ்சது உனக்குத் தெரியும்ல, தெரிஞ்சும் ஏன் தொட்டேன்னு. ஐயா, உங்களுக்கு வேலை பிடிக்கலேன்னா வீட்டுக்குப் போயிரலாம், நான் மாட்டேன்னா தனிக்கொட்டடிக்கில்ல போகணும்னேன். ஜட்ஜம்மா குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க. அடுத்துப் போட்டான் பாருங்க ஒரு போடு. பழுதுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே, சொல்லாதது எங்களுக்கு எப்படித் தெரியும்னுட்டான்.

கேசே அங்கதாண்ணே. சொன்னேன்னு காட்டினா நிக்கும், இல்லேன்னா போச்சு. நான் சொன்னப்ப அங்க இருந்தது ஹாஸ்கின்ஸ் ஒருத்தருதான். வேற வழியில்லாம அவரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். என் கூட அடைஞ்சு கெடந்த டார்னெல் தலையில அடிச்சுக்கிட்டான். லூசாடா நீ, உன்னைப் பூட்டுறவன் உனக்காக வாயத் தொறப்பானான்னு.

வந்து உக்காந்தாரு. சார், கொக்கியப் பத்தி நான் உங்ககிட்ட சொன்னேனான்னு கேட்டேன். என் பக்கம் திரும்பவே இல்ல. டிவியப் பாத்துத்தான் சொல்றாரு. ஆமா, இவன் சொன்னான். நான் மேலிடத்துல சொன்னேன். இப்ப செலவு பண்ண முடியாதுன்னாங்க. நானே கம்பி போட்டுக் கட்டினேன், அது தாங்காதுன்னு எனக்கும் தெரியும். அவ்வளவுதான். அவரோட மேலதிகாரி கதவுகிட்டயே நிக்குறாருண்ணே, அந்தாள் காதுபட சொல்றாரு!

ஜெயிச்சேன். ஆமா, ஜெயிச்சேன். ஆனா கூட வேலை பாக்குறவனுங்க அவரை விடல. கைதிக்குச் சாட்சி சொன்னவன்னு பேராயிருச்சு. சாப்பிடுற எடத்துல அவரு உக்காந்தா பக்கத்துல இருக்குறவன் தட்டத் தூக்கிட்டு எந்திரிச்சுருவான். குளிருல காவல் கோபுரத்து மேல டூட்டி. ஒரு நாள் கார் டயரு நாலையும் கிழிச்சு வச்சிருந்தானுங்க. வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு நன்றி கூட நான் சொல்லலண்ணே. எப்படிச் சொல்றது? கைதி போயி கையக் குடுத்தா அதுவும் அவருக்குத்தான வில்லங்கம்.

அப்புறம் எனக்குப் பரோல் வந்துச்சு, மிச்ச தண்டனைய வெளியவே கழிக்கலாம்னு. வெளிய தங்க ஒரு விலாசம் காட்டினாத்தான் விடுவாங்க. அக்கா வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாரு. சின்னப் புள்ளைங்க இருக்குற வீடு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஜெயில்லேருந்து வர்றவங்க தங்குற விடுதியிலயும் எடமில்ல. பரோல் கெடைச்சும் உள்ளயே கெடந்தேன். போன மாசம் திடீர்னு கூப்பிட்டு, உனக்கு எடம் கெடைச்சிருச்சு, கையெழுத்துப் போடுன்னாங்க.

ஐயோ, ஓரங்கட்டுறாரு. இதுதானா? கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகருங்கண்ணே. அந்தா, பெட்ரோல் பங்க்ல, பழைய டிரக்குல சாஞ்சு நிக்குறாரே, காது வரைக்கும் குல்லா. சொந்தக்காரரா? இல்லண்ணே. ஹாஸ்கின்ஸ்தான் அது. அவரு வீட்டு மாடி ரூமுதான் என் விலாசம்.

டிரைவர், நில்லுங்க, எறங்கணும், காலு மரத்துப் போச்சு! அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க, இப்பவும் அவரை சார்னு கூப்பிடலாமா? வெண்டல்னு எப்படிண்ணே வாயில வரும்?