எடுத்துக்கோ, உனக்குத்தான்

எங்கள் வீட்டில் பணத்தை வைத்து ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, டாக்டரம்மா. புதிதாகக் கல்யாணமானவர்களிடம் நீங்கள் முதலில் கேட்பதே அதுதானாம். பராஸ்து தன் பள்ளிக்கூடச் சம்பளத்தை அப்படியே என் கையில் தந்துவிடுகிறாள். நானாகக் கேட்டதில்லை. போன வாரம் உங்களிடம் அவள் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொன்னதும் பொய்யில்லை. அந்த நிலைக்கு அவளை எப்படிக் கொண்டுவந்தேன் என்று சொல்லத்தான் இன்று தனியாக வந்தேன்.

என் அம்மா வீட்டைவிட்டுப் போனபோது நான் சிறுவன். "புருஷன் தர வேண்டிய மஹர்ப் பணமும் வேண்டாம், உயிர் மிஞ்சினால் போதும்" என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் அலமாரியிலிருந்த நகையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, கையில் தங்கம் உள்ள பெண் ஒரு காலை வாசலில் வைத்திருக்கிறாள் என்றே என் புத்தியில் படிந்துவிட்டது. நியாயம் என்று சொல்லவில்லை. படிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பராஸ்துவுக்குக் கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் போட்ட வளையல்கள் இருந்தன. அவற்றை விற்று, தோழியோடு ஜுல்ஃபா கடைத்தெருவில் கேக் கடை போட வேண்டும் என்றாள். "நம்ம ரெண்டு பேருக்கும்தானே ஹூமன்" என்றாள். எனக்கோ அவள் தனக்கென்று ஒரு கல்லாப்பெட்டி தேடுகிறாள் என்று மட்டுமே கேட்டது. சிரித்துக்கொண்டு சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தம்பி பெஹ்ராங் சாப்பிட வந்தான். கலகலப்பான பையன். வளையல் அழகாக இருக்கிறது என்றான். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஒருவர் புகழ்ந்த பொருளைப் பேச்சுக்காவது நீட்ட வேண்டும். அவள் உடனே கழற்றி நீட்டினாள்.

"எடுத்துக்கோ, உனக்குத்தான்."

வேண்டாம், உன் கைக்குத்தான் அழகு என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அவன் வாங்கித் தன் கையிலேயே மாட்டிக்கொண்டான்.

"நம்ம இஸ்ஃபஹான்காரங்க கஞ்சங்க, வாயில 'எடுத்துக்கோ'ன்னு ஒரு தடவைதான் வரும். அப்பவே எடுத்துடணும். என்ன அத்தான்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். தேநீர் ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் இருக்கும் ஏர் கூலரைப் பழுது பார்க்க அவனையே கூப்பிட்டேன். பராஸ்து பள்ளிக்குப் போனதும் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டேன். அப்போதே வளையல்கள் என் கோட்டுப் பையில் இருந்தன.

வளையலைக் காணோம் என்று அவள் அலமாரியைக் கொட்டித் தேடியபோது, நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"பெஹ்ராங்கைத் தப்பா நெனைக்காதே. எடுத்துக்கோன்னு நீதானே சொன்னே. பாவம், நெஜம்னு நெனச்சிருப்பான்."

அவள் போனில் கேட்டாள். அவன் முதலில் சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு "அக்கா, நான் உன் தம்பி" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. விஷயம் தெரிந்து மாமனார் மகன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டாரும் சேதி காதில் விழுந்ததும் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பந்தர் அப்பாஸில் துறைமுக வேலைக்குப் போய்விட்டான்.

அன்று பராஸ்து என் தோளில் சாய்ந்து, "இனி எனக்கு நீ மட்டும்தான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த சொல் அது. சந்தோஷப்பட்டேன், டாக்டரம்மா. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைப் பேச்சும் அதோடு நின்றது. ஷிராஸுக்குப் போய் வளையல்களை விற்று, அந்தப் பணத்தில் அவள் பிறந்தநாளுக்கு ஒரு மெல்லிய சங்கிலி வாங்கினேன். அவள் என் கையை எடுத்து முத்தமிட்டாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அன்று முழுவதும் எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் பெஹ்ராங்கிடமிருந்து அவர்களுடைய அத்தை மூலமாக ஒரு பொட்டலம் வந்தது. அதே எண்ணிக்கையில் புது வளையல்கள். "நான் எடுக்கலை. ஆனா அக்கா கை வெறுங்கையா இருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

பராஸ்து வெகுநேரம் அழுதாள். "பாத்தியா, மனசு உறுத்தித் திருப்பிக் குடுத்துட்டான்" என்றாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவும் செய்தேன். அவனை மன்னித்துவிடு என்று அவளிடம் கெஞ்சினேன். வருகிற வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிடு, அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், பழையதை யாரும் பேச வேண்டாம் என்றேன். "உன் மாதிரி மனசு யாருக்கு வரும் ஹூமன்" என்றாள் அவள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் அவனை முதலில் மன்னித்தது நான்தானே.