நாலாவது பிளக்

மாலை ஏழேகால் மணி. லிங்கியைத் தாண்டி புக்கிட் பெலண்டோக் பக்கம் போகும் தோட்டத்து உள்ரோடு. இரண்டு பக்கமும் செம்பனை... ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை.

தர்மராஜ், நான் கதை சொல்லும்போது அந்த டார்ச்சை என் முகத்தில் அடிக்காதே. கரண்ட் வரும்போது வரட்டும். ஷாமினி, வாசல் பக்கம் நீயாகத்தான் போய் உட்கார்ந்தாய். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

நான் பேயை நம்புகிறவள் இல்லை. மனிதர்களையே பாதிதான் நம்புவேன். ஆனால் இது என்னோடு கிளினிக்கில் வேலை செய்யும் லோகேஸ்வரியின் அண்ணனுக்கு நடந்தது. ஹேமநாதன் என்று பெயர், பெடாஸில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. "காரு பொய் சொல்லாது லா. ஓனர்தான் சொல்வாரு" என்பார்.

அவரிடம் ஒரு பழைய மோரிஸ் கார் வந்தது. ஓனர் சிவரூபன், போர்ட் டிக்சன்காரர், கணக்காய்வாளர். அவருடைய அப்பப்பா அந்த லிங்கித் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் இறந்த பிறகும் கார் பங்களா ஷெட்டிலேயே கிடந்தது. போன வருஷம் தோட்டம் கைமாறியபோது பேரன் வெளியே எடுத்து, பெயின்ட் அடித்து, சீட்டு மாற்றி, பளபளவென்று வைத்திருந்தார். மகள் நிரஞ்சனா தன் கல்யாணத்தன்று அதில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் இன்ஜின் சரியில்லை. தடக் தடக் தடக்... ஒரு இடைவெளி. தடக் தடக் தடக்... மறுபடி இடைவெளி. நிறுத்தி வைத்து ஐடலில் விட்டால் கார் முழுக்க நடுங்கும்.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார் ஹேமநாதன்.

"அது எப்பவும் இப்பிடித்தான்" என்றார் சிவரூபன். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஹேமநாதன் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். நல்ல சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் இன்ஜின் தொய்யும். ஒன்று... தொய்ந்தது. இரண்டு, மூன்று... தொய்ந்தது. நாலாவதைப் பிடுங்கினார். ஒன்றுமே ஆகவில்லை. அப்படியென்றால் நாலாவதுதான் செத்துக் கிடக்கிறது. புது பிளக் போட்டார், புது வயர் போட்டார். கம்ப்ரஷன் பார்த்தார், அதுவும் சரி. இருந்தும் அதே நடுக்கம்.

கடைசியில் நாலாவது பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். செத்த சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்துப்போய் வரும். இது காய்ந்து, நல்ல பிஸ்கட் நிறத்தில் இருந்தது. ஒழுங்காக எரிகிற பிளக் அப்படித்தான் இருக்கும்.

நாலாவதும் வேலை செய்கிறது... அப்புறம் அந்தச் சக்தி எங்கே போகிறது? அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

விடிந்தால் கல்யாணம் என்ற நிலையில், ஹேமநாதன் நடுங்குகிற காரையே சிவரூபன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் அந்த உள்ரோடு. தோட்டத்து எல்லையில் ஒரு முனியாண்டி கோயில், தகரக் கூரை போட்டது. அந்த இடம் வந்ததும் நடுக்கம் அதிகமாகி, ஸ்டியரிங்கே கையில் நிற்கவில்லை. நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார். பஞ்சாலை என்று பெயர், அந்தத் தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டியவர்.

"இது பெரிய கிராணி காருல்ல? ஏன் இப்படி இழுத்துக்கிட்டு வருது? அவரு ஓட்டுனப்ப சத்தமே கேக்காதே."

பார்த்தீர்களா... சிவரூபன் சொன்னது பொய். ஹேமநாதனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

"கிராணி தோட்டத்த விட்டு வெளிய போறப்ப எல்லாம் இங்க நிப்பாட்டுவாரு" என்றார் பஞ்சாலை. "எறங்கி வந்து, பின்னால எடது கதவத் தொறந்து புடிப்பாரு. கொஞ்ச நேரம் நிப்பாரு. மூடிட்டுப் போயிருவாரு. யார எறக்கி விடுறீங்கன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. பேரன் காரை எடுத்துக்கிட்டுப் போனப்ப நிப்பாட்டவே இல்லையே..."

ஹேமநாதனுக்கு அந்த அம்மாள் மேலும் சந்தேகம். ஆனாலும் கதவைத் திறப்பதில் என்ன நஷ்டம்? சுற்றிப் போய்ப் பின்னால் இடது கதவைத் திறந்தார்.

ஸ்பிரிங் கிரீச்சிட்டது. காரின் இடது பக்கம் மெதுவாக... மேலே எழும்பியது. புளித்துப்போன ரப்பர் பால் வாடை அவரைக் கடந்து போனது. அங்கே பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, செம்பனை போட்டு முப்பது வருஷம் ஆகிறது.

இன்ஜின் சீரானது. நாலும் அடித்தன. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"போயிருச்சு. நீ கெளம்பு தம்பி" என்றார் பஞ்சாலை.

வேறு எந்த மனிதனும் கிளம்பியிருப்பான். ஆனால் ஹேமநாதன் மெக்கானிக். பழுதைக் கண்டுபிடித்தால் பழைய பார்ட்டைத் திரும்ப மாட்டிப் பார்ப்பார். பழுது திரும்பி வந்தால்தான் கண்டுபிடித்தது சரி. இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

"ஒரே ஒரு தடவ செக் பண்ணிக்கிறேன்மா" என்றவர், மூடிய கதவை மறுபடியும் திறந்தார்.

"டேய், வேணாண்டா!" என்று பஞ்சாலை கத்துவதற்குள்... ஸ்பிரிங் கிரீச்சிட்டது. இந்தத் தடவை இடது பக்கம் கீழே இறங்கியது. தடக் தடக் தடக்... இடைவெளி.

கண்டுபிடித்தது சரிதான். மறுபடி திறந்தார். மூடினார். திறந்து வைத்துக்கொண்டு கும்பிட்டார். பத்துத் தடவையாவது இருக்கும். ஏறியது இறங்கவில்லை. பஞ்சாலை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, காரைப் பார்க்காமல் லயத்து வீடுகளை நோக்கி நடந்துவிட்டார்.

காரைச் சிவரூபன் வீட்டில் கொண்டுபோய் விட்டு, "நாளைக்கி மட்டும் பொண்ண இதுல ஏத்தாதீங்க சார்" என்று கெஞ்சினார். நடந்ததையும் சொன்னார்.

சிவரூபன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பேய்க்கதை ஏன்?"

ஹேமநாதன் அன்றிரவு தூங்கவில்லை. இறங்கிப் போனதைத் தானே கூப்பிட்டு ஏற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, விடிந்ததும் முதல் ஆளாக மண்டபத்து வாசலில் போய் நின்றார்.

ஒன்பது மணிக்குக் காரைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. தடக் தடக் தடக்... இடைவெளி. சிவரூபன்தான் ஓட்டி வந்தார். பக்கத்தில் மனைவி சரோஜினிதேவி. பின்னால் நிரஞ்சனா மட்டும். அவ்வளவு அகல சீட்டில், கூறைப்புடவை கசங்க, வலது கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

கார் நின்றது. நாதஸ்வரக்காரர்கள் ஆரம்பித்தார்கள். நிரஞ்சனா வலது பக்கமாக இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு நின்றவர்களிடம் போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அந்தக் கதவைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவளே கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

மல்லிகை வாசத்துக்கு நடுவே அந்தப் புளித்த வாடை. இன்ஜின் சீரானது.

"பாத்தீங்களே ஹேமநாதன்! தானாச் சரியாப் போச்சுது!" என்று சிவரூபன் உள்ளேயிருந்து சிரித்தார்.

நிரஞ்சனா கதவை மூடினாள். ஒதுங்கி நின்று வழிவிட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் யாரோ போவதுபோல, இரண்டடி பின்னால் தள்ளியே... மண்டபத்துக்குள் நடந்தாள்.