முன்துண்டை ஏந்திய கை

அன்பர்களே, அதிமுக்கிய அறிவிப்பு! தலைமைத் தச்சரின் தாடிக்கார ஆடு, சடங்குக்கு வைத்திருந்த வாழைப்பழங்களில் ஒன்பதை விழுங்கிவிட்டுத் தலைமறைவாகிவிட்டது. கண்டவர்கள் கட்டி வைக்கவும்.

இனி முறைப்படி தொடங்குகிறேன். ஆட்டை இழந்தும் ஆசனத்தை இழக்காத அவைத்தலைவர், தச்சர் ஐயா அவர்களே! அலையின் அடிவயிறு அறிந்த எங்கள் கப்பல்தலைவர் டாயெங் நொம்போ அவர்களே! பீராக் கடற்கரையின் பெரியோர்களே! கணவரைக் கடலுக்கும் கண்ணீரைக் கரைக்கும் கொடுத்த தாய்மார்களே! என் தோழன் சங்கலாவைப் பெற்று, இன்று முன்வரிசையில் தனியே அமர்ந்திருக்கும் டாயெங் கனாங் அம்மா அவர்களே! அனைவருக்கும் சலாம்.

புதுக் கப்பலின் அடிமரத்தில் இரு நுனிகளையும் அறுத்தாயிற்று. முன்நுனித் துண்டு கடலுக்கு. அது புறப்பட்டுப் போகிறவன். பின்நுனித் துண்டு வீட்டுக்கு; அது காத்திருக்கிறவள். இரண்டும் மண்ணில் விழலாகாது. சென்ற மேற்குக் காற்றுப் பருவத்தில் கப்பலைக் காத்தவன் என்று, முன்துண்டைக் கடலில் விடும் பெருமையை இந்தப் பதினேழு வயதுப் பயலுக்குத் தந்திருக்கிறீர்கள். இதோ, கையில் ஏந்தி நிற்கிறேன்.

பாய்க்கப்பல் என்றால் எனக்குப் பைத்தியம்! பால்பல் விழுமுன்பே ஏழு பாய்களின் பெயரையும் ஒப்பித்தவன் நான்.

“ஏழு வரைக்கும்தாண்டா உனக்கு எண்ணவே தெரியும்!”

யாரது, வாத்தியாரா? கப்பலுக்கு ஏழு பாய்தான் ஐயா, எட்டு எதற்கு?

சிரியுங்கள். ஆனால் சொல்லுங்கள், அந்த ஏழு பாய்களும் இந்த ஊரில் எத்தனை பேரை விழுங்கின? அவர்களுக்குக் குழி உண்டா? குழிமேல் கல் உண்டா? கல்லில்லாத பெயர்கள் மட்டும்தானே உண்டு!

அன்று சேலாயார் நீரிணை. உச்சிப் பொழுதிலேயே வானம் கரியாயிற்று. பெரிய பாய் இறங்க மறுத்தது. உச்சியில் கயிறு சிக்கிக்கொண்டது. கப்பல் பக்கவாட்டில் படுத்தது. தலைவர் அலறினார்: “எவனாச்சும் ஏறி அந்தக் கயித்த அறுங்கடா! இல்லேன்னா இந்தப் பாயே நம்ம பொணத்தச் சுத்துற கஃபன் துணி!”

பாய்மரத்தடியில் இருந்தவர்கள் இருவர்: சங்கலா, நான். மழையில் வேறு எவர் கண்ணுக்கும் நாங்கள் தெரியவில்லை. ஒருவன் ஏறினான். ஒருவன் அறுத்தான். பாய் சரிந்தது, கப்பல் நிமிர்ந்தது, பதினொரு பேர் பிழைத்தோம். சங்கலா மட்டும் இல்லை.

கதையைக் காப்பிக்கடை தோறும் சொன்னேன். சொல்லச் சொல்ல மரம் வளர்ந்தது, மின்னல் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன்! “எம் புள்ள கடைசியா என்னப்பா பண்ணிட்டிருந்தான்?” என்று கனாங் அம்மா கேட்டார்கள். “மரத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, கண்ணை மூடிட்டு நின்னாம்மா. அலை அடிச்சிட்டுப் போயிருச்சு” என்றேன்.

சற்றுமுன் இந்தத் துண்டை என் கையில் வைத்தபோது அம்மா சொன்னார்கள்: “எம் புள்ளைக்கும் சேர்த்து விடுப்பா. பாவம், பயந்தே செத்தான்.”

பயந்தவன் அவனா? அம்மா, பயந்தவன் அவனா?

அன்று நான் சொன்னேன், “நீ முன்னாடி போடா, விழுந்தா நான் பிடிக்கிறேன்.” அவன் கத்தியைப் பல்லில் கடிக்குமுன் சிரித்தான்: “ஜுமாங், நீ பிடிக்கிற லட்சணம் தெரியாதா? மரத்தையாச்சும் விடாம பிடி.” பிடித்தேன், அம்மா. மரத்தைக் கட்டிப் பிடித்தேன், கண்ணை மூடினேன். ஏறியவன் அவன். அறுத்தவன் அவன். பாயோடு சேர்ந்து விழுந்தவனும் அவன். நான் கண்ணைத் திறந்தபோது கத்தி உறை மட்டும் காலடியில் கிடந்தது.

முன்துண்டு அவன். பின்துண்டு நான் என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. அது வீட்டில் உண்மையாய்க் காத்திருக்கும். இதை ஏந்த வேண்டிய கை உங்களுடையது, அம்மா. இதோ, நீட்டுகிறேன். மண்ணில் விழுமுன் வாங்கிக்கொள்ளுங்கள்.

தச்சர் ஐயா, ஆட்டைத் தேட வேண்டாம். ஒன்பது பழமும் நான்தான் தின்றேன். பதில் பேச முடியாதவர்கள்மேல் பழி போட்டே பழகிவிட்டேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. கல்லை எடுத்தவர்கள், அம்மா இதை வாங்கிக்கொண்ட பிறகு எறியுங்கள். சலாம்.