தொட்டி மூடிக்கு நாலு நட்டு

— ஸ்பானர அசையாம புடிங்க பாபி. நடுவுல இருக்கிற பெரிய நட்ட நான் முடுக்குறப்போ போல்ட்டுத் தல சுத்தக் கூடாது.

— புடிச்சிக்கினுதான் இருக்கேன் ஜெயசீலா. இது இன்னா டூலு, கடையில வாங்கினதா?

— நானே பண்ணது. ஒரு நீள போல்ட்டு, ஒரு நட்டு, ரெண்டு வாஷர், அவ்ளோதான். முனையில இந்த ரிவெட் நட்ட மாட்டி ஓட்டைக்குள்ள உடணும். முடுக்க முடுக்க போல்ட்டு மேல இழுக்கும். ரிவெட் நட்டு தகட்டுக்கு அந்தாண்ட நசுங்கி, கெட்டியா புடிச்சிக்கும்.

— சாதா நட்டு போட்டா ஆவாதா?

— சாதா நட்டுன்னா தொட்டிக்குள்ள ஒருத்தன் ஸ்பானரோட நிக்கணும். வெல்டிங் வெச்சா உள்ள இருக்கிற கேஸு பத்திக்கும்.

— உள்ளதான் ஒருத்தர் இருக்காரே.

— பாபி, உங்க வீட்டுக்காரர, நிசார் பாய, பொணமா தூக்கி வெளிய போட்டதே நாங்கதான். மேல்விஷாரம் கபரஸ்தான்ல நானும் ஒரு புடி மண்ணு போட்டேன்.

— தெரியும்பா. எனக்கு ஒண்ணும் புத்தி கெட்டுப் போவல. ஆனா தெனம் மத்தியானம் ளுஹர் பாங்கு முடிஞ்சதும் இங்கேர்ந்து கூப்புடறாரு. ‘அன்வரி’ன்னு எம் பேரச் சொல்லி. குளிக்கப் போய்ட்டு துண்டு கேப்பாரே, அதே கொரல். நான் ஓடியாந்து மூடியத் தெறப்பேன். சத்தம் நின்னுடும்.

— தெறந்துட்டு கால உள்ள தொங்கப் போட்டு உக்காந்துக்கிறீங்களாம். புஷ்ரா ஃபோன்ல அழுதுச்சி. அதுக்குத்தான் வந்தேன்.

— நானும் அவளுக்காகத்தான் ஒத்துக்கினேன். பெத்த பொண்ணே தகப்பன உள்ள வெச்சி மூடச் சொல்லுவாளா? இப்பல்லாம் நாத்தம்கூட இல்ல ஜெயசீலா. தோல் டேனரி ஓடினப்போ இந்தக் கழிவுத் தொட்டிப் பக்கம் மூக்கு வெக்க முடியாது. இப்போ தெறந்தா காத்து மாதிரி இருக்குது.

— அதான் பயமே. நாத்தம் தெரியலன்னா கேஸு மூக்க சாவடிச்சிடுச்சின்னு அர்த்தம். தொட்டி கழுவ வந்த கோபியும் நாத்தமே இல்லன்னுதான் எறங்கினான். அவன் விழுந்தான், அவனத் தூக்கத்தான் பாய் எறங்கினாரு.

— யாரையும் கேக்கல. தட்டுல சோறு போட்டுட்டு நின்னுட்டிருந்தேன். ‘ஒரு நிமிஷம் அன்வரி’ன்னாரு.

— வேற வீடு பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன். மூடிக் கெடக்கிற டேனரியில காவலுக்கு நீங்கதான் இருக்கணுமா?

— நான் போய்ட்டா அவரு யாரக் கூப்புடுவாரு?

— சரி, உடுங்க. மூடிக்குக் குறுக்கால ரெண்டு நட்டு வெச்சி ஒரு இரும்புப் பட்டைய மாட்டியாச்சி. ரெண்டாவது பட்டைக்கும் ரெண்டு, இதுதான் கடைசி, நாலாவது நட்டு. வேல முடிஞ்சிது. ஆங், அப்படியே புடிங்க. நல்லா புடிக்கிறீங்களே, போல்ட்டு கொஞ்சம்கூட சுத்தல.

— ஜெயசீலா.

— இருங்க, இன்னும் ஒரு அர சுத்து.

— நான் புடிக்கலப்பா.

— இன்னாது?

— ஸ்பானர் என் மடியில கெடக்குது பாரு. கை வலிச்சிதுன்னு போன நட்டுலயே உட்டுட்டேன்.

— அப்போ இது ஏன் சுத்தல? துரு கிரு புடிச்சிருக்கும்.

— இப்போதானே நீ ஓட்ட போட்ட. நட்டும் புதுசு.

— எந்திரிங்க பாபி, வீட்டாண்ட போலாம்.

— முடுக்கிப் பாரு ஜெயசீலா. எனக்காக.

— போல்ட்டு நிக்குது. கல்லு மாதிரி நிக்குது. இல்ல, கல்லு இல்ல. லேசா நடுங்குது. அந்தாண்ட ஒரு ஆளு தம் கட்டிப் புடிச்சா எப்படி இருக்கும், அப்படி.

— யா அல்லா! அவர்தான். பட்டைய கழட்டு.

— மாட்டேன்.

— ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன்.

— பாத்துட்டு? ஸ்கூல் உட்டு புஷ்ரா வந்து ‘அம்மி எங்க’ன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? அதுவும் இல்லாம, உங்கள உள்ள கூப்புடற ஆளு, மூடறதுக்கு எதுக்கு ஒத்தாச பண்றாரு?

— எனக்குத் தெரியாது. அவரக் கேட்டாத்தான் தெரியும்.

— கேக்க வேணாம். இதோ, ரெண்டாவது பட்டையும் வெச்சிட்டேன், போல்ட்டும் போட்டுட்டேன். வாங்க.

— நீ போ. ஸ்பானர் என்கிட்டதான் இருக்குது.

— பாபி, வேணாம்! கைய எடுங்க! உங்க கால்ல வேணா விழறேன், கழட்டாதீங்க!

— கிட்ட வராத. சுத்துது பாரு, சுத்துது.

— கழட்ட சுத்துனா போல்ட்டு மேல வரணுமே! உள்ள எறங்குதே! பட்டையே வளையுது. எந்தப் பக்கம் இழுக்கிறீங்க?

— இடப்பக்கம்தான் இழுக்கிறேன் ஜெயசீலா. அவரு என் கையோட சேத்து வலப்பக்கம் முடுக்குறாரு.