பாயிண்ட் துடைத்த துணி

– பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, எங்க வீட்டு வேப்பமரத்தடியில இதே வண்டிய நிப்பாட்டிட்டு என்கிட்ட என்ன கேட்டீக? ஞாபகம் இருக்கா?

– இருக்காம என்ன. வண்டியில பின்னாடி உக்காரப் பயமா இருக்குமான்னு கேட்டேன்.

– நான் என்ன சொன்னேன்?

– எம்புட்டுத் தூரம்னு கேட்ட. உங்க அய்யா சிரிச்சுட்டாரு. எங்கம்மாதான், 'சண்முகத்தாயி வாய்க்காரியா இருப்பா போல, யோசிச்சுக்கோ வேலுச்சாமி'ன்னு ஒரு வாரம் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு.

– பதினேழு வருசம் கழிச்சும் அதையேதான் கேக்குறேன். எம்புட்டுத் தூரம்? கேரளாவுல புனலூர் தொங்குபாலம் பாக்கலாம்னு காலையில ஆறு மணிக்குத் தாயில்பட்டியில கெளம்புனோம். இப்ப மணி ஒம்பது. ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரி புகைக்கூண்டு இன்னும் நமக்கு முன்னாடிதான் நிக்குது. வண்டி மூணாந்தடவையா நின்னுருச்சு.

– அதுக்கும் வயசாகுதுல்ல தாயி. எழுவத்தெட்டுல வாங்குன புல்லட்டு. மொதல்ல வச்சிருந்த லட்சுமிகாந்தம் சார் இதுல காலண்டர் மாதிரி ஆல்பத்தக் கட்டிக்கிட்டு மைசூரு, மங்களூருன்னு ஆர்டர் புடிக்கச் சுத்தாத ஊரில்ல. அதுக்கப்புறம் நம்மகிட்ட வந்து இத்தன வருசம் உழைச்சிருக்கு.

– எனக்குத் தெரியாதா? அவரு ஆல்பத்துக்காக அடிச்சு வச்ச அந்தக் கம்பிச்சட்டத்துல சாஞ்சுதான நான் ராமேஸ்வரம், மூணாறு எல்லாம் பாத்தேன். முதுகுல தழும்பு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

– ரோட்டுல வச்சா?

– பேச்சுதான் குறைச்சல். அன்னிக்கு நீங்க இன்னொண்ணும் சொன்னீக.

– என்னது?

– ஞாபகம் இல்லன்னா விடுங்க. மொதல்ல பிளக்கக் கழட்டுங்க.

– கழட்டுறேன். அந்தப் பைக்குள்ள குடை இருக்கும், எடு. விரிச்சு இந்தப் பக்கம் பிடி. வெயில்ல பொறி தெரியாது.

– பெட்ரோல் வருதா, அதப் பாத்தீகளா?

– வருது. டேங்குல பாதிக்கு மேல கெடக்கு.

– பிளக்கு கறுப்பு அடிச்சிருக்கா?

– இல்ல. காபிப் பொடி நெறம். அம்சமா இருக்கு. இன்ஜின்ல வச்சு ஒரு மிதி மிதிக்கிறேன், நீ பொறியப் பாரு... தெரிஞ்சுச்சா?

– தெரிஞ்சுச்சு. மஞ்சளா, காமாலைக்காரன் கண்ணு மாதிரி. நீலமால்ல வெட்டணும்.

– நீலமாத்தான் வெட்டணும். அப்ப பிளக்குல ஒண்ணுமில்ல. கரண்டு வர்ற வழியிலதான் கோளாறு. சோலைமலை சொன்னதுதான் சரி.

– சாத்தூரு ஒர்க்‌ஷாப்புக்காரரா? எப்பச் சொன்னாரு?

– போன தடவ நின்னப்ப வெம்பக்கோட்டையில டீ குடிச்சோம்ல, அப்ப பூத்துல இருந்து போன் போட்டேன். சூடாகுற வரைக்கும் ஓடி, சூடானதும் நிக்குதுன்னா கண்டென்சராத்தான் இருக்கும்னாரு. பையில புதுசு ஒண்ணு கெடந்துச்சு, மாத்துனேன். அதுக்கப்புறமும் நிக்குதே, அதுதான் புரியல.

– வேற என்ன சொன்னாரு?

– அதே பழைய பாட்டுதான். ஒத்த ஆளா முடியல, நீயும் வந்து ஒர்க்‌ஷாப்புல நில்லுங்குறாரு. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. திங்கக்கிழமையில இருந்து நான் பட்டாசுக் கம்பெனியில மருந்துக் கலவை ரூமுக்குப் போர்மேன். அவருகிட்டப் போயி ஸ்பேனர் புடிக்கவா?

– ம்.

– என்ன, ம்? ஊரே விசாரிச்சுட்டுப் போகுது. மொதலாளி தீபாவளி போனசோட ஸ்வீட்டு டப்பாவையும் கையில குடுத்து, 'இனிமே மருந்து கலக்குறது உன் பொறுப்பு வேலுச்சாமி, உன்னைய நம்பித்தான்'னாரு. நீ ஒரு வார்த்த நல்லதாச் சொல்லல.

– ஸ்வீட்டு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்ல.

– சொன்ன.

– அந்த எடம் இருளாண்டி அண்ணன் இருந்த எடம். அவுக சித்திரையில அந்த ரூமு வெடிச்சப்பப் போனாக. சரி, விடுங்க. வண்டியப் பாப்போம். லீவு முடிய இன்னும் நாலு நாளு இருக்கு, திங்கக்கிழமையப் பத்தித் திங்கக்கிழமை பேசிக்கிருவோம். பாயிண்ட்டத் தெறந்து பாத்தீகளா?

– ரெண்டு தடவையும் அதத் தெறந்துதான தொடச்சேன். நீதான் டீக்கடையில கெடந்தியே. இந்தா, இப்பவும் தெறக்குறேன். பாரு. ரெண்டு முனையும் ஒட்டி ஒட்டிப் பிரியுதுல்ல? அந்த எடத்துல அழுக்கு இல்லாம இருந்தாத்தான் பொறி நல்லா வரும்.

– எனக்கேவா? ஞாயித்துக்கிழமை தவறாம டார்ச் புடிக்கிறது யாரு?

– நீதான், தாயி. கொஞ்சம் நகரு, இன்னொரு தடவ தொடச்சுப் பாக்குறேன்.

– இருங்க. தொடைக்காதீக. ஒண்ணு கேக்குறேன். நேத்து வரைக்கும் வண்டி நல்லா ஓடுச்சா?

– ரயிலு மாதிரி ஓடுச்சு.

– இன்னிக்குக் காலையில என்ன பண்ணுனீக?

– தூரம் போறமேன்னு பாயிண்ட்டத் தெறந்து தொடச்சேன்.

– பெறகு நின்னுச்சு. அங்கன வச்சும் தொடச்சீக. கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்னுச்சு. மறுபடி தொடச்சீக. இங்கன வந்து நிக்கிறோம். தொடைக்கத் தொடைக்கத்தான நிக்குது? அந்தத் துணியக் குடுங்க.

– துணியில என்ன இருக்கு? பனியன் துணிதான்.

– குடுங்கங்குறேன்... ஏங்க. இது நம்ம வீட்டுத் துணி இல்ல.

– சட்டப் பையில கெடந்துச்சு. எதோ ஒண்ணு.

– வெயில்ல இப்படித் திருப்பிப் பாருங்க. மின்னுதா? பதினேழு வருசமா உங்க சட்டைய நாந்தான் துவைக்கிறேன். அலசுற தண்ணி மீன் செதிலு மாதிரிப் பளபளன்னு கெடக்கும். இது அலுமினியப் பவுடரு. எண்ணெயோட சேந்து பாயிண்ட் பூராவும் வெள்ளி பூசுன மாதிரி அப்பிக் கெடக்கு. பொறிய அது முழுங்காம என்ன செய்யும்?

– அட ஆமா. கண்ணுக்கு முன்னாடி இருந்திருக்கு.

– கம்பெனி வாசல்ல ஒரு பொம்பள நைலான் சேலையில வந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்புவீக. பொறி தட்டிரும்னு கொண்டை ஊசியக் கூடக் கழட்டச் சொல்வீக. வண்டிய வாசல் கேட்டுக்கு வெளிய கொட்டகையில விட்டுட்டு நடந்து போவீக. பொறி வெட்டுற எடத்துல மருந்துத் துணிய வச்சுத் தொடச்சிருக்கீக. இதச் சோலைமலை அண்ணன்கிட்டச் சொன்னா ஒரு வருசம் சிரிப்பாரு.

– சொல்லிராத.

– சொல்லத்தான் போறேன். இந்தாங்க, பானு எனக்குத் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்த கைக்குட்டை. பெட்ரோல்ல ஒரு சொட்டு நனைச்சுத் தொடைங்க.

– பூப்போட்டது தாயி. அழுக்காயிரும்.

– ஆகட்டும். உங்க மககிட்ட நான் சொல்லிக்கிறேன். ரெண்டு முனைக்கும் நடுவுல விட்டு இழுக்கத் தாளு வேணுமா?

– மெல்லிசா இருந்தா நல்லது.

– இந்தாங்க, காலண்டர்ல இன்னிக்குத் தேதித் தாளு. ராகு காலம் பாக்கக் கிழிச்சு மணிபர்சுல வச்சேன். நல்ல நேரமே நம்மளுக்கு இப்பத்தான் பொறக்குது போல.

– அப்படியே பிடி, குடைய ஆட்டாத. நெசமாவே வெள்ளியா வருது தாயி, தாளுல பாரேன்.

– பாத்தேன். ஏங்க, நீங்க பட்டாசுல திரி கட்டுற செக்‌ஷன்ல இருக்கீக. அங்கன இந்தப் பவுடரு இப்படிக் கட்டியா ஒட்டாதே. இது எந்தத் துணி?

– கம்பெனித் துணிதான்.

– கம்பெனியில எங்கன?

– கலவை ரூமுல கை தொடைக்கக் குடுத்தாக.

– நீங்க உள்ள போயிட்டு வந்துட்டீக. திங்கக்கிழமைதான்னு என்கிட்டச் சொன்னீக.

– லீவு விடுறதுக்கு மொத நாளு, சும்மா. எடத்தப் பாத்துட்டு வா, அளவெல்லாம் தெரிஞ்சுக்கோன்னு மொதலாளி சொன்னாரு. ரெண்டு மணி நேரம்தான்.

– என்கிட்டச் சொல்லல.

– நீ பயப்படுவன்னு.

– நான் பயப்படுறத நீங்க எப்பப் பாத்தீக? ஒரு நாளு பாத்திருக்கீகளா?

– இல்ல. அதுதான் சொல்றேன், உனக்குத் தைரியம் சாஸ்தி. சித்திரையில வெடிச் சத்தம் கேட்ட அன்னிக்குக் கூடத் தெருப் பொம்பளைக பூராவும் கம்பெனியப் பாத்து ஓடியாந்தாக. நீ மட்டும் வரல. உங்க வீட்டுக்காரி கல்லு மாதிரி வாசல்லயே நிக்குறான்னு முருகம்மா மதினி வந்து சொல்லுச்சு.

– கல்லு மாதிரித்தான் நின்னேன். ஏன்னு கேட்டீகளா?

– ஏன்?

– சத்தம் கேட்டுக்கிட்டு நின்னேன். வண்டிச் சத்தம். தெனமும் நாலரை மணிக்கு மேல என் காது நம்ம தெரு வளைவுலதான் இருக்கும். அடுப்புல என்ன இருந்தாலும் சரி, யாரு பேசிக்கிட்டு இருந்தாலும் சரி. புல்லட்டுச் சத்தம் கேட்டாத்தான் அன்னிக்குப் பொழுது எனக்கு முடியும். அன்னிக்குப் பாத்து இது கெளம்ப மாட்டேன்னு கொட்டகையிலயே நின்னுருச்சு. நீங்க கம்பெனி வேன்ல ஏறி ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தீக.

– பாயிண்ட்டுதான் அன்னிக்கும்.

– ஆமா. அதுக்குப் பெறகுதான் ஞாயித்துக்கிழமை தவறாம உங்களப் புடிச்சு உக்கார வச்சுப் பாயிண்ட்டுத் தொடைக்கச் சொல்றேன். நான் டூருக்கு ஆசப்பட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சீகளா?

– அப்படித்தான் நெனச்சேன்.

– டூரும் பிடிக்கும். ஆனா இந்த வண்டி கெளம்பணுங்க. நீங்க நல்லா இருந்தும் சத்தம் வராமப் போற நாளு இன்னொண்ணு எனக்கு வேண்டாம்.

– தாயி.

– நான் அழுகல. சிமெண்ட் தூசி. மூடிய மாட்டுங்க.

– மாட்டுறேன். ஒரு நிமிசம். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இன்னொண்ணு சொன்னேன்னியே. எனக்கு மறக்கல.

– சொல்லுங்க பாப்போம்.

– மருந்து வேலைக்காரனுக்கு வாக்கப்படணுமான்னு நீ யோசிச்சா அது நியாயந்தான். ஆனா என்னிக்காவது நீ வேண்டாம்னு ஒரு தரம் சொன்னாப் போதும், அன்னிக்கே விட்டுருவேன்னு சொன்னேன்.

– அச்சுப் பிசகாமச் சொல்றீக.

– நீ ஒரு தரம் கூடச் சொல்லல.

– சொன்னா விட்டுருவீகன்னு தெரியும். அதனாலதான் சொல்லல. கம்பெனிக்குப் போறப்ப நீங்க நெஞ்ச நிமித்திக்கிட்டு வண்டிய மிதிக்கிறத நான் வாசல்ல நின்னு பாக்குறேன்ல. எம் பேச்சக் கேட்டு விட்டுட்டு, பெறகு என்னிக்காவது ஒரு நாளு சும்மா உக்காந்திருக்கிறப்ப என்னைய ஒரு பார்வை பாத்தீகன்னா நான் தாங்க மாட்டேன். உங்களுக்காத் தோணணும்னு இருந்தேன். சரி, பொறி வருதான்னு பாருங்க.

– குடையப் பிடி... பாத்தியா?

– நீலம். அப்படியே ஊதா நீலம். பிளக்க மாட்டி ஒரு மிதி விடுங்க.

– விடுறேன், தள்ளி நில்லு.

– ஆங். கேட்டீகளா? இதுதான் நம்ம வண்டிச் சத்தம். நிக்காமப் போனா மத்தியானச் சாப்பாடு குத்தாலத்துல. நான் ஏறி உக்காந்துக்கிறேன்... என்னங்க, அணைச்சுட்டீக? நல்லாத்தான ஓடுச்சு.

– சத்தத்துல நான் சொல்றது உனக்குக் கேக்காது.

– சொல்லுங்க. கேக்குது.

– அந்தத் துணி ஏன் என் பையில இருந்துச்சு தெரியுமா? வேலை முடிஞ்சா அதை அங்கனயே போட்டுட்டுத்தான் வரணும். நான் போடல. கையிலயே வச்சிருந்திருக்கேன். ரெண்டு மணி நேரமும் உள்ளங்கை வேர்த்துக் கொட்டுச்சு தாயி. அந்த மருந்துல ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. தொடைக்கிறேன், வேர்க்குது. தொடைக்கிறேன், வேர்க்குது. கூட நின்ன பத்திரகாளிப் பயல், 'என்னண்ணே, சூடா இருக்கா'ன்னான். ஆமாண்டான்னேன்.

– ஏங்க...

– அன்னிக்கு மட்டும் இல்ல. திரி கட்டுறப்பவும்தான். மொத வருசத்துல இருந்தே. நெஞ்ச நிமித்துறேன்னியே, நிமித்தலைன்னா காலு நடக்காது, அதான். நீ என்னிக்காவது சொல்வ, அதச் சாக்கா வச்சு விட்டுருவோம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வாசல்ல நின்னு டிபன் பாக்ஸக் குடுப்ப. ஒண்ணும் சொல்ல மாட்ட. இவளே பயப்படல, நமக்கென்னன்னு நானும் வண்டிய மிதிச்சிருவேன்.

– பதினேழு வருசமா?

– பதினேழு வருசமா. இப்ப நானே கேக்குறேன், தாயி. ஒரே ஒரு தரம். 'போகாதீக'ன்னு சொல்லேன்.