ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்

பெயர்: லியோனார்ட் வோசிகா. வயது: 54. தொழில்: வழக்கறிஞர். முகவரி: மில் தெரு, முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி, டெல்வின் ஊர், நெப்ராஸ்கா மாநிலம்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து, அங்கேயே தொழிலும் செய்து வருகிறேன். இன்று பிற்பகல் வங்கி மாடி அறையில் ஓமாஹா வழக்கறிஞர் பிரஸ்டன் காலோவே விழுந்து அடிபட்டது பற்றித் துணை ஷெரீப் ராண்டி போல் அவர்கள் கேட்டதன் பேரில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். எனக்குக் காலோவேயைப் பிடிக்காது. ஓமாஹாவில் இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தோம். நான் நடத்தி முடித்த வழக்கைத் தன் பெயரில் காட்டிப் பங்குதாரர் ஆனவர் அவர். என் அறையும் அவருக்குப் போனது, ஜன்னலில் நான் வளர்த்த செடியோடு. இதை இந்த ஊர்க் காபிக் கடையில் கேட்காதவர் இல்லை. ஆகவே அவரைப் பற்றி நான் சொல்வது எதுவும் எடுபடாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

என் கட்சிக்காரர் டார்லா என்பவரின் கணவர் கர்ட், தானியக் குதிர்களைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர். சென்ற இலையுதிர் காலத்தில் ஓர் எஃகுக் குதிருக்குள் அவர் இறங்கியிருந்தபோது, அடியில் தானியத்தை இழுக்கும் இயந்திரம் ஓடியதால் சோளத்துக்குள் புதைந்து இறந்தார். ஆள் உள்ளே இருப்பது தங்களுக்குத் தெரியாது என்பது குதிர் நிறுவனத்தின் வாதம். இயந்திரத்தை இயக்கியவர் அங்கே மேஸ்திரியாக இருக்கும் வெர்னன் ஷிமெக். அவர் டார்லாவின் உடன்பிறந்த அண்ணன். அடக்கத்துக்குப் பிறகு அவர் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

அவரைச் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்க நீதிமன்றம் எனக்கு இன்றைய ஒரு நாள்தான் தந்திருந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி நிறுவனம் போட்ட மனு அடுத்த வாரம் வருகிறது. யார் சொல்லி இயந்திரத்தை ஓட்டினார் என்று வெர்னன் வாயிலிருந்து வராவிட்டால் டார்லாவுக்கு வேறு சாட்சியம் இல்லை. இந்த அமர்வுகளில் நீதிபதி இருப்பதில்லை. ஒரு சுருக்கெழுத்தாளர் எல்லாவற்றையும் இயந்திரத்தில் தட்டிப் பதிவு செய்வார். வீடியோ எடுக்க எங்களுக்கு வசதி இல்லை.

காலையில் குதிர் நிறுவனத்தின் வழக்கறிஞராகக் காலோவே வந்ததும், "என்ன லென்னி, இன்னும் அதே பெட்டியத்தான் தூக்கிட்டு அலையறியா?" என்றார். நான் வணக்கம் சொன்னேன். டார்லா வீட்டில் செய்த கசகசா ரொட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றைக் காகிதத் துண்டில் வைத்து அண்ணன் முன்னால் தள்ளினார். "எதிர்த்தரப்பு குடுக்கறத சாட்சி சாப்பிடக் கூடாதும்மா" என்று காலோவே அதைப் பேனாவால் மேஜையின் மறுபக்கம் ஒதுக்கினார்.

அதன் பிறகு கேள்விகளைத் தொடங்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் காலோவே ஆட்சேபம் தெரிவித்து, கூடவே சாட்சியைப் பார்த்து, "ஞாபகம் இருந்தா சொல்லுங்க" என்றார். வெர்னனும் தவறாமல், "ஞாபகம் இல்லீங்க" என்றார். ஆட்சேபத்தைச் சுருக்கமாகச் சொல்வதுதான் விதி, பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றேன். "எனக்கே விதி சொல்லித் தர்றியா? நீ கடைசியா ஜெயிச்ச கேஸ் எது லென்னி?" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. அந்த இடத்தைக் குறித்து வைக்கும்படி சுருக்கெழுத்தாளரைக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டேன். அதே பதில் வந்தது. அதன் பிறகு நீதிபதிக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். வேறொரு விசாரணையில் இருப்பதாகவும் நாளைக்குத்தான் பேச முடியும் என்றும் அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள். நாளை எனக்குப் பயன்படாது.

மதிய இடைவேளையில் டார்லா எதுவும் சாப்பிடவில்லை. "வக்கீல் சார், எங்கண்ணன் என்னை நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார். என்னிடம் மீதி இருந்த கேள்விகள் எல்லாம் ஏற்கனவே கேட்டு வீணானவையே.

பிற்பகலில் காலோவே சாட்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டே, என் குரல் நின்ற இடத்திலெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி அவர் காதில் விழவில்லை என்பதைக் கவனித்தேன். அதன் பிறகு, டார்லா எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தே, வேண்டுமென்றே கேட்டேன்: "செத்துப்போன கர்ட் உங்களுக்கு என்ன உறவு?"

காலோவே தலை நிமிராமல், "ஆட்சேபம். ஞாபகம் இருந்தா சொல்லுங்க" என்றார்.

வெர்னன், "ஞாபகம் இல்லீங்க" என்றார்.

சுருக்கெழுத்தாளர் அதைப் பதிவு செய்த சத்தம் கேட்டது. வெர்னன் தான் சொன்னதைப் பிறகுதான் கேட்டவர்போல மேஜையைப் பார்த்தார். டார்லா கண்களை மூடிக்கொண்டு பேசினார். "அண்ணே, கல்யாணத்தன்னிக்கு அவருக்கு டை கட்டத் தெரியலன்னு நீதானே கட்டி விட்ட?"

காலோவே கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்து, "பதிவ நிறுத்துங்கம்மா, இடைவேளை" என்றார். இருதரப்பு வழக்கறிஞர்களும் சம்மதித்தால்தான் பதிவை நிறுத்துவார்கள். சுருக்கெழுத்தாளர் என்னைப் பார்த்தார். நான் சம்மதம் தரவில்லை. அவர் விசைகளில் குனிந்து தொடர்ந்தார்.

அதன் பிறகு காலோவே, "எழுந்திருங்க, வெளியில போலாம்" என்றார். வெர்னன் எழுந்திருக்கவில்லை. காலோவே வலது கையால் அவருடைய இடது முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தார். சட்டைத் துணி கசங்கி அவர் விரல்களுக்கிடையே பிதுங்கியது. வெர்னன் "விடுங்க சார்" என்றார். காலோவே விடவில்லை. "விடுங்கன்னு சொல்றேன்ல" என்று வெர்னன் தோளால் தள்ளினார். தள்ளியது உண்மை, தள்ளவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலோவேயின் கால் காபி இயந்திரத்தின் வயரில் சிக்கியது. விழுந்ததில் மேஜை விளிம்பு அவர் புருவத்தில் பட்டது. உடனே வெர்னன் மண்டியிட்டு, ரொட்டிக்குக் கீழே இருந்த காகிதத் துண்டை உருவி அவர் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்படிப் பிடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார். "மேனேஜர் பக்கத்துலதான் நின்னாரு. சோளம் ஏத்த ரயிலு காத்திருக்கு, ஓட்டுன்னாரு. மச்சான் உள்ள இருக்குன்னேன். ரெண்டு நிமிஷம்தானே, ஓட்டுன்னாரு. உள்ள இருந்து சோளம் அள்ளுற மண்வாரிய எடுத்து செவுத்துல தட்டுற சத்தம் கேட்டுச்சு, டார்லா. எனக்குக் கேட்டுச்சு."

காலோவே தரையில் கிடந்தபடியே, "வாய மூடுங்க" என்றார். அது வரைக்கும் பதிவில் இருக்கிறது.

அதன் பிறகு ஷெரீப் அலுவலகத்துக்குத் தகவல் போனது. துணை ஷெரீப் வருவதற்கு முன் நடைபாதையில் காலோவே என்னிடம் வந்தார். "லென்னி, கால் வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். அந்தாளு பேசின கடைசிப் பக்கம் பதிவுக்கு வெளியன்னு நீ ஒத்துக்கோ. இல்லேன்னா என்னைத் தள்ளிவிட்டதுக்கு அவன் ஜெயிலுக்குப் போவான். கை வெச்சது நானுன்னு நீ சொன்னா எவன் நம்புவான்? உனக்கு என் மேல எரிச்சல்னு நாய்க்குக்கூடத் தெரியும்" என்றார். நாய் விஷயத்தில் அவர் சொன்னது சரி. வெர்னன் என் கட்சிக்காரர் இல்லை. அவரிடம் நான் இது பற்றிப் பேச விதி இடம் தராது. டார்லாவிடம் மட்டும், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவர் வெகுநேரம் ரொட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கண்ணன் இப்பத்தான் வாயத் தொறந்திருக்கு. அத மறுபடி மூடச் சொல்லாதீங்க. நீங்க பாத்தத ஷெரீப் ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

கை வைத்ததைப் பார்த்தது நான் ஒருவன்தான். சுருக்கெழுத்தாளர் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், டார்லாவின் கண்கள் மூடியிருந்தன. எனக்குப் பதிலாக வேறு யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

துணை ஷெரீப் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வோசிகா, உங்க கதை எனக்கும் தெரியும். அந்த ஆளு முதல்ல கை வெச்சாருங்கறது நெஜமாவே ஞாபகம் இருக்கா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

ஞாபகம் இருக்கிறது என்று சொன்னேன். அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மையானவை. படித்துக் காட்டக் கேட்டேன், திருத்தம் ஏதும் இல்லை. என்னிடம் கேட்கப்பட்ட எந்தக் கேள்விக்கும் நான் ஆட்சேபம் சொல்லவில்லை.

(ஒப்பம்) லியோனார்ட் வோசிகா
என் முன்னிலையில்: ராண்டி போல், துணை ஷெரீப்