வயலின் இருமுமா?

இல்ல இசக்கிமுத்து சார், இதுவும் வேண்டாம். நன்னா இல்லைன்னு சொல்லலை. ரொம்ப நன்னா இருக்கு, அதான் கஷ்டமே.

கோச்சுக்காதேள். காலம்பற கடை திறந்ததுலேர்ந்து ஆறு ஜோடி ஸ்பீக்கர் தூக்கி வெச்சு மாட்டிக் காமிச்சுட்டேள். அந்த ஆளுயர ஸ்பீக்கர் பாக்கறதுக்கு கம்பீரமாத்தான் இருந்தது. ஆனா என்னோடது பழைய கால வால்வு ஆம்ப்ளிஃபயர், எட்டே வாட். அதைப் பேச வெக்க இதுக்குத் தெம்பு போறலை. பாடறவர் மாம்பலம் ஸ்டேஷன்ல நின்னுண்டு பாடற மாதிரி இருந்தது.

வேற ஆம்ப்பா? ஐயோ, மாட்டேன் சார். இது நானே உக்காந்து சால்டர் பண்ணினது. மயிலாப்பூர்லேர்ந்து ஆட்டோல மடியில வெச்சுண்டு வந்தேன். ஸ்பீட் பிரேக்கர் வர்றச்செல்லாம் தூக்கித் தூக்கிப் பிடிச்சேன். ஆட்டோக்காரன், குழந்தை ஆணா பொண்ணா சாமின்னு கேக்கறான்.

அந்த வெள்ளை ஜோடியா? நான் கொண்டுவந்த டேப்போட இரைச்சலே தெரியாதுன்னு பெருமையா சொன்னேள். நெஜம்தான், தெரியலை. எனக்கு அந்த இரைச்சல்தான் சார் வேணும்!

சிரிக்காதேள். இந்தக் கச்சேரி தொண்ணூத்திரெண்டு மார்கழி. பைக்குள்ள ரிக்கார்டரை ஒளிச்சு வெச்சு, சபாவுல திருட்டுத்தனமா பிடிச்சது. பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. பாடறவர் வாயைத் திறக்கறதுக்குள்ள இவ முந்திண்டு முனகறா. சுருதியும் சேரலை. டேப் பாழாப்போச்சேன்னு எனக்கு ஆத்திரம். தனியாவர்த்தனத்தப்போ கேன்டீன்ல அடைத்தட்டும் கையுமா நின்னவளைப் பிடிச்சு சண்டை போட்டேன். வைகாசியில கல்யாணம்.

ஆமாம், அவளோடதான். காமாக்ஷின்னு பேர். முப்பது வருஷமா ஒத்துக்கவே மாட்டேங்கறா சார். அது நான் இல்ல, வயலின்னு சாதிக்கறா. நடுவுல ஒரு இருமல் வேற இருக்கு. வயலின் இருமுமா, நீங்களே சொல்லுங்கோ.

இருங்கோ, அந்த மூலையில தூசியோட ஒரு மரப்பெட்டி ஜோடி இருக்கே, அது என்ன? பழசா? யாரும் சீண்டலையா? பரவாயில்ல, மாட்டுங்கோ. உள்ள அதிர்றது பேப்பர் கோனா? பேஷ், எட்டு வாட்டுக்கே வாய் திறக்கும். வாக்மேனைப் போடறேன், பேசாம கேளுங்கோ.

இப்போ வரும்... இப்போ... கேட்டேளா? கேட்டேளா சார்? முந்திண்டா பாருங்கோ! கால் சுருதி கீழ! இதோ, இருமல்! ஆஹா! இவளா வயலின்?

இதையே கட்டுங்கோ. துடைக்கக்கூட வேண்டாம், நான் பாத்துக்கறேன்.

அவளையும் அழைச்சுண்டு வந்திருக்கலாம்தான். வரமாட்டேன்னுட்டா. ஆடியில தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கும்படியா ஆயிடுத்து. இப்போ நன்னா இருக்கா, நன்னா சாப்பிடறா. பேசறதுதான் ஸ்லேட்டுல. காத்தால நான் இந்த டேப்பை எடுக்கறச்சேகூட கொட்டை எழுத்துல எழுதி நீட்டறா, அது நான் இல்லைன்னு.

கல்யாண வீடியோவுல மேளச்சத்தம்தான் இருக்கு. வாட்ஸப்ல பொம்மைதான் அனுப்புவா. தேடித் தேடிப் பாத்துட்டேன் சார், அவ குரல்னு ஆத்துல இருக்கறது இது ஒண்ணுதான்.

சாயங்காலம் போட்டுக் காமிப்பேன். இல்லைன்னுதான் எழுதுவா. எழுதட்டுமே. திருப்பிப் போடறதுக்கு எனக்கு ஒரு சாக்கு.